தையில் எண்ணுகிறோம்; புரட்டாசியில் எங்கே இருந்தோம்?

வில்லியனூருக்கு வடக்கே ஊசுட்டேரிக் கரையில், ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போய் நின்றால் முதலில் பனிதான் தெரியும், தண்ணீர் பிறகுதான். பனி விலக விலக நீர்ப்பரப்பில் கரும்புள்ளிகள் தோன்றும். அவை நாமக்கோழிகள். நூறு இருக்கும் என்று நினைத்து வாயெடுப்பதற்குள் ஐந்நூறாகிவிடும். எண்ண வந்தவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லித் தருவார்கள்: பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணு, அந்தப் பத்தும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் ஏற்றிக்கொள், பிறகு அந்த அளவைக் கூட்டத்தின்மேல் வைத்து வைத்து நகர்த்து. பாதிக் கூட்டம் எண்ணி முடித்த நேரத்தில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்குமேல் தாழப் பறந்து வரும். அத்தனை பறவையும் ஒரே சடசடப்பில் எழுந்து வேறு மூலையில் போய் இறங்கும். குறிப்பேட்டில் எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்த அடித்தலும் திரும்ப எழுதுதலும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பிடித்திருப்பது வேறு, பயன் இருப்பது வேறு. பருவத்துக்குப் பருவம் இந்த ஏரிக்கரைகளுக்குத் தன்னார்வலர்கள் வருகிறார்கள். ஆவணி, புரட்டாசியில் பனைவிதை ஊன்றுகிறார்கள், ஜனவரியில் பறவை எண்ணுகிறார்கள், இடையிடையே குப்பை பொறுக்குகிறார்கள். பாகூர்க் கடலோரத்தில் மாசி, பங்குனி இரவுகளில் ஆமை முட்டைகளைத் தேடும் வேலையும் உண்டு. இவற்றில் எது ஏரிக்கு உதவுகிறது, எது வந்தவரின் மனநிறைவோடு நின்றுபோகிறது என்று கறாராக நிறுத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. வருகிறவர்கள் மீது மரியாதை இருப்பதால்தான் இதைச் செய்கிறேன். அவர்கள் தருவது தங்கள் வாழ்நாளின் காலைகளை. அவை வீணாகக் கூடாது.

ஊசுட்டேரி ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ளது. பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டின் வானூர் வட்டத்திலும் கிடக்கிறது. புதுச்சேரி அரசு தன் பக்கத்து 390 ஹெக்டேரை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பக்கத்தை அறிவிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஒரே நீர், இரண்டு அரசு, இரண்டு வனத்துறை. பறவைக்கு எல்லைக்கல் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். தண்ணீருக்கும் தெரியாது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையின் வழக்கே அதுதான்.

முதலில் எண்ணும் பணி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரியில், பல நாடுகளில், பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்களைக் கொண்டே நடக்கிறது. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே காலத்தில் வருகிறது. இந்த எண்களுக்கு ஒரு சட்டப் பயன் உண்டு. ஒரு நீர்நிலையில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூடினாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே தங்கினாலோ, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதிக்கு அது போதும். அந்த எண்ணைச் சொல்ல ஒருவர் பனியில் நின்றிருக்க வேண்டும். அமைச்சகத்துக்கோ துறைக்கோ அதைவிட மலிவாக, அதைவிட நேர்மையாக அந்த எண்ணைப் பெற வேறு வழி கிடையாது. பக்கத்திலேயே மரக்காணம் அருகே கழுவெளி இருக்கிறது. 2021-ல் சரணாலயமாகி 2024-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ராம்சார் தலங்கள் 20 ஆயின. அந்தப் பட்டியலில் புதுச்சேரியின் பெயரில் அன்று ஒன்றுகூட இல்லை. இந்தக் குறை பறவை குறைந்ததால் வந்ததா, எழுத்தில் ஏறாததால் வந்ததா என்று கேட்டால், பதில் சொல்ல நீண்டகால எண்கள் வேண்டும். ஆகவே எண்ணும் பணி வீண் என்று சொல்பவரை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பணியில் ஓர் ஓட்டை இருக்கிறது. பெரிய ஓட்டை.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றேரிகள் எல்லாம் நிரம்புகின்றன. வயல்கள் நீர் கட்டிக் கிடக்கின்றன. நத்தைகுத்தி நாரைக்கும் அரிவாள் மூக்கனுக்கும் ஊர்தோறும் இரை. அப்போது அவை ஊசுட்டேரியில் வந்து குவிய வேண்டிய தேவையே இல்லை, பரந்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் சிற்றேரிகள் வறண்டு, மிச்சமிருக்கிற பெரிய நீரில் பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேரும். ஒரே ஏரியை மட்டும் எண்ணுகிறவரின் தாளில் என்ன தெரியும்? நல்ல ஆண்டில் "பறவை வரத்து குறைவு", கெட்ட ஆண்டில் "பறவைகள் படையெடுப்பு". அதே வேகத்தில் அது செய்தியாகவும் போகும். அளவு சரியாக இருந்தும் பொருள் தலைகீழாகிவிடுகிறது. வாத்துகளும் அப்படித்தான். நடுவில் ஆழம் கூடினால் ஊசிவால் வாத்து கரையோரம் மேயும், இல்லாவிட்டால் வேறு ஏரி தேடும். ஏரியின் நீர்மட்டத்தை எழுதாமல் பறவையின் எண்ணிக்கையை மட்டும் எழுதுவது, காய்ச்சலை அளந்துவிட்டு நோயாளியின் பெயரை விட்டுவிடுவதற்குச் சமம்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. ஊசுட்டேரிக்கு அடுத்த பெரியது பாகூர் ஏரி. தன்னார்வலர் கூட்டம் முழுவதும் சரணாலயப் பலகை இருக்கிற கரையில் நிற்காமல், ஆளுக்கு ஓர் ஏரியாகப் பிரிந்து ஒரே காலையில் எண்ணினால்தான் இந்த வேலைக்கு முழு மதிப்பு வரும். பத்து நாமக்கோழி மட்டும் இருக்கிற குட்டையைப் போய் எண்ணுவதில் படம் எடுக்க ஒன்றுமில்லை என்பது உண்மைதான். அந்தப் பத்தும் பூஜ்ஜியமாகிற ஆண்டைப் பிடிப்பதற்குத்தான் அங்கே ஆள் வேண்டும்.

குப்பை பொறுக்கும் பணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரையில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகள் மாடு மேய்ப்பவரின் காலையும் வலை இழுப்பவரின் காலையும் கிழிக்கின்றன. அதை எடுப்பவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அடுத்த வாரம் மறுபடி கிடக்கும். எந்த வகைக் குப்பை, எந்தப் பக்கத்துக் கரையில், எத்தனை மூட்டை என்று எழுதி, கொம்யூன் பஞ்சாயத்தில் கொடுத்து, பதில் வரும்வரை கேட்கிறவரை மட்டுமே நான் ஏரிக்கு உழைத்தவராகக் கணக்கில் சேர்ப்பேன்.

பனைவிதை ஊன்றுவது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஆடி, ஆவணியில் பழம் விழும். கொட்டையைக் கரையில் ஒரு சாண் பள்ளத்தில் புதைத்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி வேண்டாம். கரைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. குறை எங்கே என்றால், எத்தனை விதை ஊன்றினோம் என்பது மட்டுமே பேசப்படுகிறது. ஊன்றிய இடம் பெரும்பாலும் நடந்து போக வசதியான கரை மேடு. அடுத்த தடவை கரையைப் பலப்படுத்தப் பொக்லைன் வரும்போது அதே மேடுதான் முதலில் சுரண்டப்படும். முளைத்து நிற்கிற ஒற்றையோலைக் கன்றை எந்திரம் ஓட்டுபவர் புல் என்றுதான் நினைப்பார். மூன்றாம் ஆண்டில் போய் உயிரோடிருப்பதை எண்ணி, கன்றின் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, பொதுப்பணித் துறை ஊழியரைக் கூட்டிவந்து காட்டினால் அது மரம் வளர்த்த கணக்கு. மற்றதெல்லாம் விதை புதைத்த கணக்கு. ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே மரக்கன்று நடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே நடாதீர்கள். கரைப்பறவைகளுக்கு வேண்டியது திறந்த சேறு. வெட்டவெளியாகத் தெரிகிற அந்தச் சேறுதான் உள்ளானின் வயல்.

இந்தப் பணிகளை எந்த அளவுகோலால் அளக்கிறாய் என்று கேட்டால், நான் சென்னைக் கடற்கரையைக் காட்டுவேன். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, இரவுதோறும், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான மணலில். இப்படி நடப்பதால் பங்குனி ஆமை இனம் காப்பாற்றப்படுகிறதா? முட்டையைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவதால் நாயிடமிருந்தும் விளக்கு வெளிச்சத்திலிருந்தும் குஞ்சுகள் தப்புகின்றன. கடலுக்குள் இழுவலையில் மூச்சுத்திணறும் தாயை அது காப்பாற்றாது. ஆனாலும் அந்த நடைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஏனென்றால் அவர்கள் முட்டையோடு சேர்த்துப் பிணத்தையும் எண்ணுகிறார்கள். 2025 தொடக்கத்தில் சென்னைக் கடற்கரை முதலாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது அது வழக்கத்துக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. "வழக்கத்துக்கு மாறானது" என்று சொல்ல, வழக்கம் என்னவென்று அறிந்த ஆள் வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக இரவில் நடந்த மாணவர்களிடம் அந்த அறிவு இருந்தது. பாகூர்க் கடலோரத்து மூர்த்திக்குப்பம், நரம்பை, பனித்திட்டு மணலில் ஆமை தேடுகிறவர்கள் அந்தப் பழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, குஞ்சுகளைக் கடலில் விடுகிற மாலை நேரத்து மகிழ்ச்சியைவிட, இறந்த ஆமைக்கு நாளும் இடமும் எழுதுகிற பழக்கத்தைத்தான்.

இப்போது ஏரிக்குத் திரும்புகிறேன். என் முதன்மையான குற்றச்சாட்டு பருவத்தைப் பற்றியது.

ஊசுட்டேரிக்குத் தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. வீடூர் அணை வழியாக வரும் சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்காலில் திரும்பி ஏரிக்கு வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வருகிறது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு ஆடல்மகளிர் பெயரோடு சேர்த்துப் பாகூர்க்காரர்கள் அந்த ஏரியையும் வாய்க்காலையும் பேசுவார்கள். புதுச்சேரியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் வாய்க்கால் திறந்திருந்தால் ஏரி நிறையும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால் நீர் வழி மாறி வயலுக்குள் புகும், அல்லது நேராகக் கடலுக்குப் போகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்க் கொம்யூன் ஊர்களைச் சூழ்ந்தது. அவ்வளவு பெரிய வெள்ளத்தை வாய்க்கால் தூர்வாரித் தடுத்திருக்க முடியாது. அப்படி யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சாதாரண ஆண்டில் ஏரி நிறைவதும் நிறையாததும் வாய்க்காலின் நிலையைப் பொறுத்தது. பறவைகள் எத்தனை வரும் என்பது ஆவணியிலும் புரட்டாசியிலும் வாய்க்காலுக்குள் முடிவாகிவிடுகிறது. நாம் தைமாதத்தில் போய்த் தேர்வு முடிவைப் படித்துவிட்டு வருகிறோம்.

வாய்க்காலுக்கு ஏன் ஆள் வருவதில்லை? அங்கே பறவை இல்லை. பனி இல்லை. புழுக்கம், கொசு, சேறு. வாய்க்கால் சரணாலயத்துக்கு வெளியே ஓடுகிறது. அதனால் வனத்துறையின் அழைப்பிலும் அது இருக்காது.

இந்த இடத்தில் பலர் குடிமராமத்தை நினைவுபடுத்துவார்கள். ஊரே கூடி ஏரி காத்த காலம் ஒன்று இருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சில் பாதிதான் உடன்பாடு. ஊர் கூடியது உண்மை. எல்லோரும் விரும்பிக் கூடினார்கள் என்பது உண்மையில்லை. சென்னை மாகாணத்தில் 1858-ல் இதற்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. மண் சுமந்த தலைகள் பலவும் சேரித் தலைகள், நிரம்பிய நீர் பாய்ந்த நிலம் வேறொருவருடையது. அந்த அநீதியை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது தவறு. இன்றைய தன்னார்வலர் அந்தக் குடியைவிட ஒரு விதத்தில் மேலானவர். அவரை யாரும் அடித்து அழைத்து வரவில்லை. 2017-ல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரையே ஒரு திட்டத்துக்கு வைத்து, பாசனம் பெறுவோர் பத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்றது. பெயர் பழையது, வேலை பெரும்பாலும் எந்திரத்துடையது.

புதுச்சேரிக்குத் தனிக் கதை உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் பாசனக்காரர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. 1999-ல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு நடந்த ஏரிப் புனரமைப்புத் திட்டம் 84 ஏரிகளையும் எடுத்துக்கொண்டு, ஊர்தோறும் ஏரிச் சங்கம் அமைத்து, நிலமில்லாதவர்களையும் பெண்களையும் அதற்குள் கொண்டுவர முயன்றது. நல்ல முயற்சி. ஆனால் அதற்குள் விவசாயியின் தண்ணீர் ஏரியிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிவிட்டது. மோட்டார் ஓடுகிற வரைக்கும் மதகைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஏரி நிறைந்தால்தான் கிணறு ஊறும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் கிணறு தன்னுடையது, ஏரி எல்லோருடையது.

வேடந்தாங்கலை இதனோடு வைத்துப் பாருங்கள். அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-ல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் உத்தரவிட்டதற்குக் காரணம் ஊரார் கேட்டது. ஊரார் கேட்டதற்குக் காரணம், எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாயிற்று. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் அந்த ஊரை யாரும் தன்னார்வலர் என்று அழைப்பதில்லை. ஏரியோடு வயிற்றுப்பாடு கட்டப்பட்டிருக்கும் ஆள் எல்லாப் பருவத்திலும் கரையில் இருக்கிறார். வெளியூர்த் தன்னார்வலர் அவருக்கு மாற்றாக முடியாது. துணையாக முடியும்.

எதிர்வாதங்களையும் கேட்டுவிட வேண்டும். வாய்க்காலைத் தூர்வார ஐம்பது மாணவர்கள் மண்வெட்டியோடு வந்தால் நூறு அடி நகராது, பொக்லைன் அரைநாளில் முடிக்கும், அப்புறம் எதற்கு இந்த வெயில் தண்டனை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைவிட நியாயமான இன்னொன்றும் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வாய்க்கால் வெட்டிக் கூலி வாங்கியவர்கள் வில்லியனூர், அரியாங்குப்பம் வட்டாரங்களின் கிராமத்துப் பெண்கள். சும்மா வெட்டித்தர ஆள் இருக்கிறது என்றால் அந்தக் கூலிக்கு என்ன ஆகும்? அவர்கள் சோற்றில் கைவைக்கிற சேவை எதுவானாலும் நான் எதிர்ப்பேன்.

ஆகவே தன்னார்வலர் கையில் மண்வெட்டி வேண்டாம். குறிப்பேடு போதும். சுத்துக்கேணியிலிருந்து ஊசுட்டேரி வரை, சொர்ணாவூரிலிருந்து பாகூர் வரை வாய்க்காலோடு நடக்க வேண்டும். எந்த இடத்தில் காட்டாமணக்கு, எங்கே மதகுப் பலகை இல்லை, எங்கே வீட்டுக் கழிவுநீரைத் திருப்பி விட்டிருக்கிறார்கள், எங்கே கரையை வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று தேதியும் படமுமாக எழுத வேண்டும். மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டி இன்னும் உயிரோடு இருந்தால் அவரை முன்னால் விட்டுப் பின்னால் நடக்க வேண்டும். வாய்க்காலின் தாழ்வு எந்தப் பக்கம் என்று அவர் காலுக்குத் தெரியும். அந்தப் பட்டியலைப் பொதுப்பணித் துறையிலும் கொம்யூன் பஞ்சாயத்திலும் வானூர் வட்டத்து அலுவலகத்திலும் ஆவணிக்குள் கொடுத்துவிட்டு, புரட்டாசியில் மறுபடி நடந்து, எது சரியானது, எது அப்படியே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு அரசுகளின் எல்லையைத் தாண்டி நடக்க அதிகாரிக்கு ஆணை வேண்டும். தன்னார்வலருக்குச் செருப்பு போதும். பருவகாலத் தன்னார்வத்தின் தனிப்பலம் இங்கேதான் இருக்கிறது, இதைத்தான் நாம் இன்னும் பயன்படுத்தவில்லை.

என் தீர்ப்பு இது. ஜனவரிக் கணக்கெடுப்பு தேறுகிறது. எல்லா ஏரிகளுக்கும் விரிந்து நீர்மட்டத்தையும் எழுதினால் முதல் வகுப்பில் தேறும். பனைவிதைப் பணிக்கான மதிப்பெண்ணை மூன்றாண்டு கழித்துத்தான் போட முடியும். கரைக்குப்பை அள்ளுவது நற்செயல், ஆனால் இன்று நடக்கிறபடி பாதுகாப்புப் பணி ஆகாது. வாய்க்கால் நடை இல்லாத வரை மொத்தத் தன்னார்வமும் பருவம் தப்பிய விதைப்புதான்.

ஆண்டுக்கு நான்கு ஞாயிறுகளை ஊசுட்டேரிக்கோ பாகூருக்கோ கொடுப்பவர் நீங்கள் என்றால், ஜனவரிக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஆவணிக்கும் ஒன்றைப் புரட்டாசிக்கும் மாற்றுங்கள். சுத்துக்கேணி வாய்க்காலின் தலைப்பில், காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் தொடங்கிவிட்டால் பத்து மணிக்குள் பாதித் தொலைவு நடந்துவிடலாம்.